தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி: ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரம்பப் பிரிவில் விஞ்ஞானக் கண்காட்சி என்றால் முதலில் வந்து நிற்பது எரிமலைதான். களிமண்ணிலோ பழைய பத்திரிகைத் தாளிலோ ஒரு மலை செய்து, அதன் வாயில் அப்பச்சோடாவைப் போட்டு வினாகிரியை ஊற்றினால் நுரை பொங்கும், பார்த்தவர்கள் கைதட்டுவார்கள். நானும் ஒரு வருடம் அப்படி ஒன்றைச் செய்வித்தேன். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் மேசையருகே நின்ற பிள்ளையிடம், "இது ஏன் மகள் பொங்குது?" என்று கேட்டார். "சேர் ஊத்தச் சொன்னாரு" என்றாள் பிள்ளை. அவள் சொன்னது முழு உண்மை. மலையைச் செய்தது அவளுடைய மாமா, வர்ணம் பூசியது நான், விளக்கத்தை எழுதிக் கொடுத்ததும் நான். அந்த மேசையில் அவளுடையது என்று சொல்ல எதுவுமே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: கண்காட்சியில் வைக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிள்ளை கேட்ட ஒரு கேள்வியும், பிள்ளையே அளந்து எழுதிய ஒரு கொப்பியும் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த நிபந்தனையைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. இலங்கை மலைநாட்டின் ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் ஆய்வுகூடம் இல்லாமல், கையில் பெரிதாகப் பணமும் இல்லாமல் தரம் 1 முதல் 5 வரை கற்பிக்கும் ஆசிரியரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்குள்ளேயே இதைச் செய்துவிடலாம். தனி நேரம் தேவையில்லை.

காலத்தை முதலில் தீர்மானியுங்கள்

ஆறு வாரம் வேண்டும். கேள்வி சேர்க்க ஒரு வாரம், பரிசோதனையைத் திட்டமிட ஒரு வாரம், செய்து பார்க்கவும் திரும்பச் செய்யவும் மூன்று வாரம், காட்சிக்கு ஆயத்தமாக ஒரு வாரம். மூன்று வாரத்தைச் சுருக்கினால் பிள்ளைகளின் பரிசோதனை ஒரே தடவையோடு நின்றுவிடும். அப்போது மீண்டும் எரிமலைக்கே திரும்பியிருப்போம். தரம் 5 பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சைச் சுமை இருப்பதால், பரீட்சை முடிந்த பின்னரே அவர்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அதற்கு முன்பென்றால் தரம் 3, 4 பிள்ளைகளை முன்னிறுத்துங்கள். தரம் 1, 2 பிள்ளைகளுக்கு இலைகளை வகைப்படுத்துவதும் விதை முளைப்பதைப் படமாக வரைவதும் போதும். அவர்களைப் போட்டியில் சேர்க்க வேண்டாம்.

கண்காட்சி நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். வார நாளில் வைத்தால் மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் ஒரு நாள் பெயரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழந்துதான் வர வேண்டும், அல்லது வராமல் இருக்க வேண்டும். அதையும் காலையிலேயே நடத்துங்கள்; பகல் ஒரு மணிக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கிவிட்டால் மண்டபத்துக்குள் கொப்பியில் எழுதியிருப்பதைக்கூட வாசிக்க முடியாது.

கேள்வி சேர்த்தல்

முதல் வாரத்தில் பிள்ளைகளைப் பாடசாலையைச் சுற்றி நடத்திச் செல்லுங்கள். போகும் வழியைத் தோட்டத்து உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்தப் பக்கம் குளவிக்கூடு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வது கட்டாயம். திரும்பி வந்ததும் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, மனத்தில் எழுந்த கேள்வியை அவரவர் பேச்சிலேயே எழுதச் சொல்லுங்கள். மொழியைத் திருத்தாதீர்கள். என் வகுப்பில் வந்த தாள்களில் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. "ரோட்டுல ஓடுற மழத்தண்ணி ஏன் செவப்பா இருக்கு?" "தேசிக்கா புழிஞ்சா தேத்தண்ணி ஏன் வெளுக்குது?" "மழையே பெய்யல, காலையில எங்க வீட்டு தகரத்துல இருந்து ஏன் தண்ணி சொட்டுது?" "கொழும்புல சின்னம்மா வீட்டுல பருப்பு சீக்கிரம் வேகுது, இங்க ஏன் வேகல?"

இவை எல்லாமே நல்ல கேள்விகள். ஆனால் "ஏன்" என்று தொடங்கும் கேள்வியை ஒன்பது வயதுப் பிள்ளையால் நேரடியாகச் சோதிக்க இயலாது. அதை "எவ்வளவு", "எது கூட", "எத்தனை நாளில்" என்று மாற்றிக் கொடுப்பதே ஆசிரியரின் முதல் வேலை. சிவப்புத் தண்ணீர்க் கேள்வி, "வெறும் மண்ணிலிருந்தா, புல் முளைத்த மண்ணிலிருந்தா அதிகச் சேறு வரும்?" என்று மாறும். மாற்றிய பின்பும் அது தன் கேள்விதான் என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும். ஆகவே அதைப் பிள்ளையோடு பேசிப் பேசியே மாற்றுங்கள்.

ஒரு முறை தரம் 4 பிள்ளை ஒருத்தி எழுதியிருந்தாள்: "மழ நாள்ல ஈரத்துக்குன்னு அம்மாவோட கொழுந்துல கழிக்கிறாங்க. ஈரம் எவ்வளவு இருக்கும்?" கொழுந்தின் நிறையில் கழிப்பதைப் பற்றி இப்படியொரு கேள்வி வந்தால் ஆசிரியருக்குச் சங்கடமாக இருக்கும், யாரையாவது குற்றம் சொல்வதாகிவிடுமோ என்று தோன்றும். நான் அதை அனுமதித்தேன். இது நிறுத்துப் பார்க்கக்கூடிய கேள்வி. அதற்குமேல் அதில் எதுவும் இல்லை. காய்ந்த கொழுந்து 100 கிராமை நிறுத்து, தண்ணீரில் முக்கி எடுத்து, எண்ணிக்கையாக ஐந்து தடவை உதறி மீண்டும் நிறுக்க வேண்டும். உதறாமல் நிறுத்தால் ஒரு விடை, ஐந்து தடவை உதறினால் வேறொரு விடை, பத்துத் தடவை உதறினால் இன்னொன்று. விடையைவிட, அது எதைப் பொறுத்து மாறுகிறது என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்ததே பெரிது. ஒன்று மட்டும்: சோதனைக்கான கொழுந்தை மலையில் இருந்து எடுப்பதானால் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிட்டே எடுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்று

நியாயமான சோதனை என்பதன் பொருளைப் பிள்ளைகளுக்கு வரைவிலக்கணமாகச் சொல்லிப் பயனில்லை. இருவரை ஓடவிட்டு, ஒருவரை ஏற்றத்திலும் மற்றவரை இறக்கத்திலும் நிறுத்துங்கள். "இது அநியாயம் சேர்!" என்று வகுப்பே கத்தும். அந்தக் கத்தலையே பரிசோதனைக்குள் கொண்டுவர வேண்டும்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும், ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய். மூன்று அளவீடுகளில் சராசரி எடுக்கச் சிறு பிள்ளைகளுக்கு வராது. மூன்றையும் சிறிதிலிருந்து பெரிதாக எழுதி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தரம் 3 பிள்ளைக்கே அது போதும்.

சேற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை

மலைநாட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பரிசோதனை எனக்குத் தெரியாது. எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். 1.5 லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்கள் மூன்றை எடுத்துக் கிடையாக வைத்து, மேற்பக்கத்தில் நீளமாக ஒரு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டும் வேலை ஆசிரியருடையது. மூன்றிலும் ஒரே இடத்து மண்ணை ஒரே அளவு, போத்தல் வாய்க்குச் சற்றுக் கீழே நிற்கும்படி நிரப்பி அழுத்த வேண்டும். முதலாவதை வெறும் மண்ணாக விடுங்கள். இரண்டாவதில் காய்ந்த இலையையும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய (கிளை நறுக்கிய) இடத்தில் கிடக்கும் சிறு மிலாறுத் துண்டுகளையும் (குச்சிகளையும்) பரப்புங்கள். மூன்றாவதில் பத்து நாள் முன்பே குரக்கன் விதையைத் தூவி முளைக்க விட்டிருக்க வேண்டும். மூன்றின் அடிப்பக்கத்தையும் ஒரே உயரச் செங்கல்லில் ஏற்றி, வாய்க்குக் கீழே ஆளுக்கொரு கண்ணாடிக் குவளை வையுங்கள். துளையிட்ட மூடி பொருத்திய வேறொரு போத்தலிலிருந்து 300 மில்லிலீற்றர் தண்ணீரை ஒரே உயரத்திலிருந்து மழைபோல் ஊற்ற வேண்டும்.

பல ஆசிரியர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மண் காய்ந்திருந்தால் முதல் தடவை ஊற்றிய தண்ணீரை மண்ணே குடித்துவிடும், குவளைக்கு ஒன்றும் வராது, பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். ஆகவே முந்தின நாள் மூன்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் தெளித்து ஈரமாக்கி வையுங்கள். குவளையில் சேர்ந்த கலங்கலை அன்றே அளக்க வேண்டாம். ஓர் இரவு அசையாமல் வைத்துவிட்டு, மறுநாள் காலை குவளையின் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து அடியில் படிந்த சேற்றின் உயரத்தை மில்லிமீற்றரில் வாசிக்கச் சொல்லுங்கள். இரவோடிரவாகக் கலங்கல் தெளிந்து, கீழே பருமணல், அதன்மேல் நுண்மண் என்று படை படையாக நிற்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

இதற்குமேல் தோட்டத்தில் ஏன் கான் (வடிகால்) வெட்டுகிறார்கள், தேயிலைச் செடியை ஏன் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நடுகிறார்கள் என்ற பேச்சைப் பிள்ளைகளே தொடங்குவார்கள். சிலர் மண்சரிவைப் பற்றிக் கேட்பார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதை வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். போத்தலில் நாம் காண்பது மேல்மண் கழுவப்படுவதை. மலையே நழுவுவது, மழைநீர் ஆழத்துக்கு ஊறி மண்ணின் பிடிப்பைத் தளர்த்துவதால் நேர்வது. இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், புல் முளைத்த சரிவு என்றைக்கும் ஆபத்தில்லாதது என்று பிள்ளை தவறாக விளங்கிக்கொள்ளும்.

மழைமானி

இது கண்காட்சிக்கு ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டிய வேலை. நேரான பக்கங்களைக் கொண்ட பிளாஸ்டிக் போத்தலின் தோளை வெட்டித் தலைகீழாகப் புனல்போல் செருகுங்கள். போத்தலின் அடி மேடு பள்ளமாக இருப்பதால் அதில் கூழாங்கற்களைப் போட்டு, பக்கங்கள் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்து, அங்கிருந்து மில்லிமீற்றர் அளவுத்தாளை ஒட்டுங்கள். கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி வெட்டவெளியில், காற்றில் சாயாமல் கற்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் 24 மணித்தியால மழையைக் காலை 8.30 வரை கணக்கிடுவதால் நாமும் அந்த நேரத்திலேயே வாசிப்போம். வாசித்த பின் தண்ணீரைச் சுழியம் வரை குறைத்துவிட வேண்டும். வெயில் நாளில் மட்டம் கீழே இறங்கியிருந்தால் நிரப்ப வேண்டும்.

ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் தண்ணீர். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வெகுதூரம் போவார்கள். 20 சதுர மீற்றர் தகரக் கூரையில் 75 மில்லிமீற்றர் பெய்தால் 1500 லீற்றர்; 200 லீற்றர் பீப்பாய்கள் ஏழரை. பீலியில் (ஊற்று நீர் விழும் குழாயில்) வரிசை நின்று தண்ணீர் பிடிக்கும் பிள்ளைக்கு இந்த ஏழரை பீப்பாய் என்றும் மறக்காது. அந்த 75 என்ற எண்ணையும் நான் காரணத்தோடுதான் எடுத்தேன். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மண்சரிவு குறித்து விழிப்பாக இருக்கவும், 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150 ஐத் தாண்டினால் வெளியேறவும் வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுறுத்தல். பிள்ளைகளின் போத்தலை நம்பி யாரும் லயத்தில் தங்கிவிடக் கூடாது. அதிகாரிகள் போகச் சொன்னால் போக வேண்டும். ஆனால் அந்த எண்கள் எந்த அளவு மழையைக் குறிக்கின்றன என்பதைக் கண்ணால் அளந்து பழகிய பிள்ளை, வானொலி அறிவிப்பை விளங்கிக் கேட்கும்.

தேத்தண்ணியும் தேசிக்காயும்

இதற்கு அரை மணி நேரம் போதும். கொதிக்கும் தண்ணீர் அரை லீற்றரில் ஒரு தேக்கரண்டித் தேயிலைத் தூளை ஐந்து நிமிடம் ஊறவைத்து வடித்து, ஆறிய பின் ஐந்து வெள்ளைக் கோப்பைகளில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விட்டு, மற்றவற்றில் தேசிக்காய்ச் சாறு 2, 4, 8, 16 துளிகள் விட வேண்டும். இன்னொரு வரிசையில் அப்பச்சோடாக் கரைசலை அதேபோல் விடுங்கள். புளிப்பில் தேத்தண்ணி வெளிறும். அப்பச்சோடாவின் காரத்தில் கடுத்து இருண்டுபோகும். நிறத்தை எப்படி அளப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். வெளிர் மஞ்சளிலிருந்து கருஞ்சிவப்பு வரை ஆறு கட்டங்களை அவர்களே வர்ணப் பென்சிலால் தீட்டி இலக்கமிட்டு, கோப்பையை அருகில் வைத்து ஒப்பிடட்டும். துருப்பிடித்த ஆணி ஒன்றை ஓர் இரவு தேத்தண்ணியில் போட்டு வைத்தால் அது மைபோல் கறுத்துவிடும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் அப்படி ஆகிறது. சோதனைக்கு எடுத்த எதையும் குடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். எவ்வளவு சொன்னாலும் ஒருவன் நக்கிப் பார்ப்பான்.

நுவரெலியாப் பக்கத்தில் சிவப்புக் கோவா கிடைத்தால் அதை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்த ஊதாச் சாறும் இதற்கு நன்றாக உதவும்; தேசிக்காயில் இளஞ்சிவப்பாகவும் சோடாவில் நீலம், பச்சையாகவும் மாறும். தேயிலை புளிப்பான மண்ணை விரும்பும் செடி, ஏறத்தாழ pH (புளிப்பின் அளவு) 4.5 முதல் 5.5 வரை, என்பதால் அந்தச் சாற்றைக் கொண்டு மண்ணையே சோதிக்கலாமே என்று தோன்றும். நான் முயன்றேன், சரிவரவில்லை. மண்ணின் கலங்கல் நிறத்தை மறைத்துவிடுகிறது.

பருப்பு ஏன் வேகவில்லை

இது ஆசிரியர் செய்து பிள்ளைகள் பார்க்க வேண்டிய சோதனை. உயரம் சுமார் 300 மீற்றர் கூடும்போது தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் குறையும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹற்றனில் ஏறத்தாழ 96. எவ்வளவு நெருப்பைக் கூட்டினாலும் திறந்த சட்டியில் அதற்குமேல் சூடு ஏறாது. பருப்புக்கு நேரம் எடுப்பது அதனால்தான். பக்கத்து இடைநிலைப் பாடசாலையில் ஆய்வுகூட வெப்பமானியை இரவல் வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிநீரில் வைத்தால் உடைந்துபோகும்.

செய்யக் கூடாதவை

வீட்டு மின்சாரத்தில் எதுவும் வேண்டாம். டோர்ச் பற்றரிக்கு மேல் போகாதீர்கள். மண்ணெண்ணெய், களைகொல்லி, உரம் எதுவும் பாடசாலை வாசலைத் தாண்டக் கூடாது. உரப் பையைக் கழுவிக்கூடப் பாவிக்க வேண்டாம். பாணில் பூஞ்சணம் வளர்ப்பது இந்த ஈரக் காற்றில் மிக எளிது, ஆனால் பையை ஒட்டி மூடிய பின் திறக்கவே கூடாது. முடிந்ததும் அப்படியே புதைத்துவிடுங்கள். மண் தொட்ட கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவச் செய்யுங்கள்.

கொப்பி

அழிறப்பருக்கு இங்கே இடமில்லை. பிழையாக எழுதியதை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். மழைமானிக் கொப்பி ஒன்றின் பக்கம் என் நினைவில் இருக்கிறது: திங்கள் 12, செவ்வாய் 31, புதன் 4. வெள்ளிக்கு நேரே முதலில் 18 என்று எழுதி வெட்டி, "வியாழனும் சேந்து இருக்கு, நேத்து லீவு" என்று எழுதியிருந்தான். ஞாயிறுக்கு நேரே எண்ணே இல்லை. "கல்யாண வீட்டுக்கு போனேன், பாக்கல" என்று மட்டும். அந்தப் பக்கத்தை நடுவர் ஒருவர் அசுத்தம் என்று தள்ளப் பார்த்தார். என் கணக்கில் மண்டபத்திலேயே மதிப்பு மிகுந்த பொருள் அதுதான். தெரியாத எண்ணைக் கற்பனையாக நிரப்பாமல் விட்டிருந்தான் பிள்ளை.

காட்சியும் மதிப்பீடும்

பிரிஸ்டல் தாள் இங்கே பனியில் சுருண்டுவிடும். தடித்த அட்டைப்பெட்டியை வெட்டி அதன்மேல் ஒட்டினால் நிமிர்ந்து நிற்கும். அதில் நான்கு விடயங்கள் போதும்: என் கேள்வி, நான் செய்தது, நான் அளந்தது, நான் நினைத்தது. அளந்ததைச் சலாகை வரைபாகப் பிள்ளையே வரையட்டும். கோடு கோணலாக இருந்தால் இருக்கட்டும். விளக்கத்தை மனப்பாடம் செய்விக்காதீர்கள். லயத்துப் பேச்சிலேயே சொல்ல விடுங்கள்.

புள்ளி 20 என்று வைத்தால் கேள்விக்கு 5, நியாயமான சோதனைக்கு 5, கொப்பிக்கு 5, விளக்கத்துக்கு 5. அழகுக்குத் தனிப்புள்ளி வைத்தால் பணமுள்ள வீட்டுப் பிள்ளை வெல்லும். நடுவராக இடைநிலைப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவரையும், தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர் ஒருவரையும் அழையுங்கள். கொழுந்து வாடும்போது நிறை குறைவதைத் தினமும் பார்ப்பவருக்குப் பிள்ளைகளிடம் கேட்கக் கேள்விகள் நிறைய இருக்கும். எல்லா நடுவர்களும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "நீ நினைச்ச மாதிரி நடக்காதது எது?" சொந்தமாகச் செய்த பிள்ளை இதற்கு உடனே பதில் சொல்லும், சிரித்துக்கொண்டேகூடச் சொல்லும். மற்றது ஆசிரியரைத் திரும்பிப் பார்க்கும்.

கண்காட்சி முடிந்த திங்கட்கிழமை மேசைகளை எடுத்துவிடலாம். மழைமானியை எடுக்க வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹற்றன், மஸ்கெலியாப் பக்கத்தில் கொட்டும்போது, மலைத்தொடருக்கு அப்பால் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தில் காய்ந்த காற்றுத்தான் வீசும். வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவக்காற்று வரும்போது மழை அந்தப் பக்கம் போய்விடும். அங்கே தெரிந்த ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, அவர் வகுப்பிலும் ஒரு போத்தலை வைக்கச் சொல்லி, வெள்ளிக்கிழமைதோறும் இரு கொப்பிகளின் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் தொடங்கிய முதல் வெள்ளி எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் எண் இருந்தது. அங்கிருந்து வந்த படத்தில் ஐந்து நாளும் சுழியம். "அந்த டீச்சர்கிட்ட போத்தல்ல ஓட்டை இருக்கான்னு கேளுங்க சேர்" என்றான் கொப்பிக்குப் பொறுப்பான பையன்.